ஜித்தா முடுக்கில்

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு கதை சொல்றேன். ஜித்தாவின் பழைய பேட்டையில், முன்பு நடந்தவர்களின் குரலைப் பவளக்கல் சுவர்கள் திருப்பிச் சொல்லும் காலம் அது. அங்கே முப்பது வருஷம் உழைத்து மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட கணவரின் குரலை ஒருதரம் கேட்டுவிட, காயல்பட்டினத்து சுலைஹா சந்து சந்தாக, முடுக்கு முடுக்காக நடந்தாள்.

"வாப்பா வீட்டுலயே வாய் திறக்க மாட்டாங்க உம்மா. இங்க யார்கிட்ட பேசியிருப்பாங்க?" என்று கூட வந்த மகள் சிரித்தாள்.

கடைசி முடுக்கில் ஒரு கனைப்பு கேட்டது. பெண்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று நம்மூர் ஆண்கள் கனைத்துக்கொண்டே வருவார்களே, அதுதான். அவருடையதேதான்.

சுலைஹா முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். அப்புறம், "என்னைக் கட்டின மாப்பிள்ளைக்கு நான் ஏன் ஒதுங்கணும்?" என்று நடுமுடுக்கில் போய் நின்றாள்.

உங்க வீட்டுக்கு வரவேண்டியவங்க எல்லாரும் சுகமா வந்து சேர அல்லாஹ் பரக்கத் செய்வானாக.