பதினாறு கோர்

“எத்தனை கோர் இருக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல” என்றார் ஜெர்சன். எஸ்டேட் மேனேஜர் விலை கேட்டால் கோத்தகிரி பஜாரில் மதிப்பு குறைந்துவிடும் என்பதால், கம்ப்யூட்டர் வாங்க வந்தவர் அதை மட்டும் கேட்கவில்லை.

“ஆபீஸ் கணக்குக்கு நாலு கோர் பிராசஸரே தாராளமுங்க சார்” என்றார் கடைக்காரர் தவ்பீக்.

“நாலா? முந்நூறு பேரை மேய்க்கிறவன் நான்!”

“அதில்லீங்க சார். கோருங்கிறது மெஷினுக்குள்ள இருக்கிற ஆளுங்க மாதிரி. நாலு கோர்னா நாலு பேரு ஒண்ணா நின்னு கொழுந்து பறிக்கிறாங்கன்னு வச்சுக்கங்க. கிகாஹெர்ட்ஸ்னா அவங்க கை வேகம். செடியில இலையே கொஞ்சம்னா, ஆளைக் கூட்டி என்னங்க பண்றது?”

“பதினாறு கோர் இருக்குதா?”

“இருக்குதுங்க. சினிமா எடிட்டிங் பண்றவங்க வாங்குவாங்க.”

“அதையே போடுங்க.”

தோட்டத்தில் ஆளைக் குறைத்தே பெயர் வாங்கிய மனிதர், பிராசஸருக்குள் மட்டும் தாராளமாக ஆள் சேர்த்தார்.

பின்னால் நின்றிருந்த ஆபீஸ் கிளார்க் சுகந்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சார், இது வந்துட்டா எனக்கு வேலை இருக்குங்களா?”

“உள்ளே பதினாறு பேர் உட்கார்ந்து கணக்குப் போடறப்ப நீ எதுக்கு? இந்த மாசத்தோட நின்னுக்க.”

“வேலை போனா எஸ்டேட்ல குடுத்த லயத்து வீட்டையும் விடணுமே சார். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?”

ஜெர்சன் தொண்டையைச் செருமிக்கொண்டார். தொழிலாளர் கூட்டத்தில் பேசும் குரல் வந்தது.

“காலம் மாறுது சுகந்தி. நாமளும் மாறித்தான் ஆகணும். இதையெல்லாம் மனசுல போட்டுக்கக் கூடாது.”

சுகந்தி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பில் போட உட்கார்ந்த தவ்பீக் குழப்பத்தோடு நிமிர்ந்தார்.

“இந்தம்மாவா போறாங்க? உங்க எஸ்டேட் முதலாளி நேத்துக் கோயமுத்தூர்ல இருந்து போன் பண்ணினாருங்களே சார். கணக்கைச் சுகந்தி ஏத்தினாப் போதும், மத்ததை இங்கிருந்தே நான் பாத்துக்குவேன்னாரு. மெஷினை மேனேஜர் பங்களாவுல மாட்டச் சொன்னாரு, அது ஒண்ணாந் தேதி காலியாகுதாமே... ஏனுங்க சார், உங்களுக்கு எந்த எஸ்டேட்டுக்கு மாத்தலுங்க?”