சிக்காத துவக்கு

"ஒருநாளும் சிக்கக்கூடாது அங்கிள். இழுத்தால் வெடிக்கவேணும். அப்பிடிப் பார்த்தால் எந்தத் துவக்கு நல்லது?"

சுவர்ணாவின் கேள்வியைக் கேட்டு, திறந்த கதவில் வைத்த கையை எடுக்காமல் நின்றார் பாலேந்திரா. அவள் அடுத்த வீட்டுக்காரி. டூட்டிங்கில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். இவ்வளவு காலத்தில் கார் நிறுத்த இடம் கேட்டிருக்கிறாள். துவக்கைப் பற்றிக் கேட்டதில்லை.

"துவக்கு உமக்கோ?"

"ஓம். நீங்கள் போற சுடுற கிளப்பிலை நானும் சேரப்போறன்."

"வேறொரு நாளைக்கு வாரும் பிள்ளை. இண்டைக்கு எனக்குக் கொஞ்சம் வேலை கிடக்கு."

"எனக்கு இண்டைக்குத்தான் லீவு" என்றபடி அவள் அவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். மழையில் குடை இல்லை. காலில் வீட்டுச் செருப்பு.

கோலியர்ஸ் வுட்டின் அந்தச் சிறிய வீட்டில் இப்போது பாலேந்திரா மட்டும்தான். மனைவி சந்திரவதனாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை போன கிழமை முடிந்தது. மகள் மேனுஷாவும் பேர்மிங்காமுக்குத் திரும்பிவிட்டாள். செத்த வீட்டுக்கு வாங்கிய மடக்குக் கதிரைகள் இன்னும் சுவரில் சாய்ந்து நின்றன. சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய துவாய் விரித்திருந்தது. அதன்மேல் அவருடைய கார்பைன் துவக்கும் பக்கத்தில் தோட்டா ரவைகள் உள்ள பெட்டியும் இருந்தன.

சுவர்ணா அதைப் பார்த்தாள். பார்வையை எடுக்க அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"துடைக்க எடுத்தனான்" என்றார் அவர்.

"இதுக்குள்ளை ஒண்டும் இல்லையே?"

"இல்லை. இன்னும் போடேல்லை."

அவள் ஒரு கதிரையை இழுத்து மேசைக்கும் அவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப சொல்லுங்கோ. எது வாங்கலாம்?"

பாலேந்திரா பெருமூச்சு விட்டார். "இது லீவர். கீழை இருக்கிற பிடியை இழுத்துத்தான் ரவை ஏத்திறது. போடுறது பிஸ்டல் ரவைதான். ஆனால் குழல் நீளம், தோளிலை வைச்சுச் சுடலாம். உதைப்புக் குறைவு. இந்த நாட்டிலை இந்த ரவைக்குத் தானா ஏத்துற துவக்கு வைச்சிருக்க விடாயினம். ஒவ்வொரு வெடிக்கும் கையாலைதான் இழுக்கவேணும்."

"சிக்காதோ?"

"அரைகுறையா இழுத்தால் சிக்கும். முழுசா இழுத்து முழுசாத் திருப்பித் தள்ளவேணும். பயந்து பயந்து இழுக்கிறவைக்குத்தான் சிக்கிறது."

"வேறை வகை இல்லையோ?"

"மகசின் போடுற ஒன்பது மில்லிமீற்றர் இருக்கு. ரவை மலிவு. ஆனால் மகசின்ரை வாய் கொஞ்சம் நெளிஞ்சாலும் தொல்லை. புதுசாப் பழகிற ஆளுக்கு நான் லீவர்தான் சொல்லுவன்."

"எனக்கு ரவையைப் பார்க்கவே பயமாக் கிடக்கு அங்கிள். குசினிக்குள்ளை வைக்கட்டோ?" அவர் பதில் சொல்ல முன்னமே பெட்டியைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள்.

ரவைக்குப் பயந்தவளுக்குச் சிக்காத துவக்கு எதற்கு என்று அவர் யோசித்தார். அவளுடைய ஃபோன் அதிர்ந்தது. பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆர்?"

"இவர்தான்."

"நீர் துவக்கு வாங்கிறது அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது. தெரியத் தேவையுமில்லை."

அவளுடைய புருஷன் கத்துவது சிலவேளை நடுச்சுவரைத் தாண்டி இந்த வீட்டுக்கும் கேட்டதுண்டு. பாலேந்திரா மேசையின் மறுபக்கம் போய் உட்கார்ந்து கார்பைனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"பிள்ளை, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"பிரச்சினை இல்லாத வீடு எங்கை அங்கிள் இருக்கு?"

"இது கடதாசியிலை ஓட்டை போடுறதுக்கு. வேறை நினைப்பு இருந்தால் கிளப் பக்கமே வரக்கூடாது. பொலிஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பினம். டொக்டரிட்டையும் விசாரிப்பினம்."

"மனம் சரியில்லாத ஆளுக்குக் குடுக்க மாட்டினமோ?"

"குடாயினம்."

"வாங்கின பிறகு மனம் சரியில்லாமல் போனால்?"

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"ஆரும் கேட்டால்தானே தெரியும்" என்றார்.

அவள் கதிரையை மேசைப் பக்கம் திருப்பினாள். "அந்த லீவரை எப்பிடி இழுக்கிறது எண்டு எனக்கு விளங்கேல்லை. முதலிலை இருந்து இன்னொருக்காச் சொல்லுங்கோ."

முன்னர் சொன்னதையே அவர் முதலிலிருந்து சொன்னார். உதைப்பைப் பற்றிச் சொன்னார். தோளில் எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்று சொன்னார். அவள் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டாள். அவர் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசல் மணி அடித்தது. சுவர்ணா எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். பொலிஸார் இருவர் உள்ளே வந்தார்கள். ஒருவர் நேரே போய்க் கார்பைனை எடுத்துக்கொண்டார். மற்றவர் பாலேந்திராவின் பெயரை மெதுவாகச் சொல்லி, பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டார்.

சுவர்ணா மேசையடிக்கு வந்தாள். "மேனுஷா எனக்கு ஃபோன் எடுத்தவ, அங்கிள். 'அப்பா எப்பவும் போயிட்டு வாறன் எண்டு சொல்லித்தான் ஃபோனை வைக்கிறவர். இண்டைக்குப் போறன் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைச்சிட்டார். பொலிஸ் வருமட்டும் எப்பிடியாவது அவரைக் கதைக்க வைச்சுக்கொண்டிருங்கோ அக்கா' எண்டு அழுதவ. எனக்குத் துவக்கும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

பாலேந்திரா வெறும் துவாயைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"தெரியும் பிள்ளை" என்றார். "அதுதான் நானும் அவசரப்படாமல் ஆறுதலாச் சொல்லிக்கொண்டிருந்தனான்."