வாழைநார் அளவு

“மாடிப்படி ஏற முடியுமாண்ணே?” என்று கேட்டாள் வீரம்மா.

மருந்துக்கடை ஜெயராஜ் சிரித்தார். “மாடி என்னக்கா? இதப் போட்டா உங்க வீட்டுக்காரரு பத்துமலைக் கோயில் படி அத்தனையும் ஏறி எறங்கிடுவாரு லா!”

கண்ணாடி மேசையின்மேல் முட்டிக்குப் போடும் பட்டைகள் இரண்டு கிடந்தன. ஒன்று வெறும் எலாஸ்டிக் உறை, பாதத்தை வெட்டியெடுத்த காலுறைபோல. மற்றது கனமானது. இரு பக்கமும் எஃகுக் கம்பி. முட்டி மடங்கும் இடத்தில் சின்னக் கீல். இழுத்து ஒட்டிக்கொள்ள வார்கள்.

அவள் புருஷன் தம்புசாமி கேட்டு அனுப்பியது கம்பி வைத்ததைத்தான். மூட்டுத் தேய்மானம், இதைப் போட்டால் பழையபடி நடமாடலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லியிருந்தார்.

பழையபடி. அந்த ஒரு சொல்லையே காலையிலிருந்து அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“தப்பா வாங்கிட்டு வந்தே, தெரியும்ல?” என்று சொல்லித்தான் அவன் அனுப்பியிருந்தான்.

ஈரத்துணிப் பொட்டலத்தைப் பிரித்து வாழைநாரை எடுத்துக் கொடுத்தாள். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறவளிடம் அளவெடுக்க வேறென்ன இருக்கும்?

காலையில் அவன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வீங்கிய முட்டியைச் சுற்றி நாரை வளைத்து முடிச்சுப் போட்டாள். அதற்கு முன்னால், அவன் கை நாற்காலிப் பிடியில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அந்தக் கை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவள் குனிவதில்லை.

ஜெயராஜ் நாரை அளவுநாடாவோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். விரலில் ஒட்டிய ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“நடு சைசு போதும்கா. கரெக்டா பிடிக்கணும். லூசா இருந்தா நழுவிக் கணுக்காலுக்கு வந்துரும். அப்புறம் போட்டாலும் ஒன்னுதான், போடாட்டியும் ஒன்னுதான்.”

“அளவு சரியா இல்லன்னா மாத்திக் குடுப்பீங்களா?”

“போட்டுப் பாத்தத திரும்ப எடுத்துக்க முடியாதுக்கா,” என்றார் வருத்தமாக.

வெளியே மினி பஸ் ஒன்று கதவோரம் ஆள் தொங்கத் தொங்கப் போனது. வீரம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நார் காய்ந்தால் சுருங்கும். பூக்கட்டுகிற எவளுக்கும் தெரிந்த விஷயம்.

இந்த நார் காயவில்லை. காய்ந்துவிடக்கூடாது என்றுதான் ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“அது காலைல எடுத்த அளவுண்ணே,” என்றாள். “நாரு இப்ப சுருங்கிப்போச்சு. பெருசாவே குடுங்க.”

ஜெயராஜ் சற்றுத் தயங்கினார். பிறகு, “நாரு வெவகாரம் உங்களுக்குத் தெரியாததா?” என்று சொல்லி, மேல்தட்டிலிருந்து பெரிய பெட்டியை எடுத்தார்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் வரைக்கும் உதடு அசையச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நாரு சுருங்கியிருக்கும்னு நெனச்சிட்டேங்க. நாரு சுருங்கியிருக்கும்னு நெனச்சிட்டேன்.

எப்படிச் சொன்னாலும் அடி விழும்.

விழட்டும். மாடியில் வேண்டாம், கீழேயே விழட்டும்.

வீட்டெதிரே வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். மாடி ஜன்னலோரம் மகள் தங்கமணி படித்துக்கொண்டிருந்தாள். தலைமுடியை உயர்த்திக் கொண்டை போட்டிருந்தாள். பிடரியில் வெயில் விழுந்தது. வெறும் வெயில்தான், வேறு தடம் ஒன்றுமில்லை.

தகப்பனால் படியேற முடியாமல் போன பிறகுதான் அவள் கொண்டை போடத் தொடங்கியிருந்தாள். அதற்கு முன்பெல்லாம் எவ்வளவு புழுக்கமானாலும் முடியைத் தோள்வரை விரித்தே போட்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் திட்டினாலும் அள்ளிக் கட்டமாட்டாள்.

“வாங்கிட்டியா?” உள்ளேயிருந்து குரல் வந்தது.

வீரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பெட்டியைப் பிரித்துப் பட்டையை எடுத்தாள். நாற்காலிப் பிடியைப் பார்த்தாள்.

அவன் கை அங்கே இல்லை.

அவள் குனிந்தாள்.