கூடுதலாக ஒரு கண்டிஷன்

"கம்ப்யூட்டர்ல இருக்குற ஸ்டாஃப் டேபிள்ல லேட்டா வர்றவங்க வரிசையை மட்டும் தனியா எடுங்க பிரதாப். பேரு, ஸ்டாஃப் நம்பர், எத்தனை நாள் லேட்டு, இந்த மூணு பத்தி போதும். நீங்க வந்து சேர்றதுக்குள்ள எனக்கு மெயில்ல இருக்கணும்."

"எதுக்கு சார்?"

"அது இப்போ வேணாம். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க." மேனேஜர் ரவிகுமார் போனை வைத்துவிட்டார்.

பிரதாப் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். பெங்களூரு போகும் காலை ரயில் கோலார் தங்கவயலைத் தாண்டாமல் சாம்பியன் ரீஃப்ஸ் ஸ்டேஷனிலேயே சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது, வழக்கம்போல. இதை நம்பி எந்த மனிதனால் நேரத்துக்கு ஆபீஸ் போய்ச் சேர முடியும்?

"இன்னாண்ணா, மூஞ்சி செத்துப் போச்சு?" என்றாள் எதிர் சீட்டு சுனிதா. அதே ஆபீஸ், அடுத்த மேஜை.

லேப்டாப்பை மடியில் திறந்தபடியே விஷயத்தைச் சொன்னான். யாரிடமும் சொல்லக் கூடாது என்றால் சுனிதாவிடமும் சொல்லக் கூடாது என்றா அர்த்தம்!

"ஐயையோ! போன வருஷம் நம்ம ஆபீஸ் மேல் மாடியில இப்டித்தான லிஸ்ட்டு எடுத்தாங்க? மறு மாசமே பாதிப் பேரை வேலைய விட்டு அனுப்பிட்டாங்களே!"

"அதான் எனக்கும் பயமா கீது."

டேபிளிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கும் குவெரியை எழுதி ஓட்டினான். நூற்றுக்கணக்கான வரிசைகளிலிருந்து கொஞ்சம் பேர் மட்டும் பிரிந்து வந்து நின்றார்கள். மனோகர், ஜாய், சுனிதா, பிரதாப் என்று தினமும் இதே ரயிலில் வரும் கேஜிஎஃப், அதாவது தங்கவயல் கூட்டம் மொத்தமும் உச்சியிலேயே இருந்தது. கீழே பெங்களூருக்காரர்கள் சிலர்.

சுனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனோகருக்கு இப்பதான் கொழந்தை பொறந்துகீது. ஜாய் வீட்ல அவ ஒருத்தி சம்பாத்தியம். எதுனா பண்ணுங்கண்ணா."

"இன்னா பண்றது? டேபிள்ல கை வெச்சா மாட்டிக்குவேன்."

"டேபிளைத் தொடவே வேணாம். குவெரியில இன்னொரு கண்டிஷன் போடுங்க. ஊரு கேஜிஎஃப்னா அந்த வரிசைய விட்டுடுன்னு. ஊரு பத்திய அவரு கேக்கவே இல்லியே, எப்படித் தெரியும்?"

பிரதாப் யோசித்தான். தப்புதான். ஆனால் சேர்ந்து பயணம் செய்து, சேர்ந்து இட்லி சாப்பிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி விழுகிற கூட்டத்தை எப்படிக் காட்டிக் கொடுப்பது? பெங்களூருக்குள்ளேயே குடியிருந்துகொண்டு லேட்டாக வருகிறவர்களுக்கு வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஒரே ஒரு வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினான். தங்கவயல் வரிசைகள் அத்தனையும் போய்விட்டன. ரயில் கிளம்பிய நேரத்தில் மெயிலும் கிளம்பியது.

அடுத்த வாரம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை அதே ஸ்டேஷனில் ரயில் நின்றிருந்தபோது எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் சிணுங்கியது. சுனிதாதான் முதலில் படித்தாள்.

"'கீழே உள்ள பட்டியலில் இருப்பவர்கள் அடுத்த மாதம் முதல் அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை.' அப்பாடா! நம்ம பேரு ஒண்ணுகூட இல்லண்ணா. தப்பிச்சோம்!"

பிரதாப் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டான். அதற்குள் ரவிகுமாரின் போன் வந்தது.

"மெயில் பார்த்தீங்களா பிரதாப்? பட்டியலை அப்படியே மேலிடத்துல கொடுத்துக் கையெழுத்து வாங்கிட்டேன், இனி ஒரு பேரைக்கூடச் சேர்க்க முடியாது. முன்னாடியே சொன்னா ஆளாளுக்கு சிபாரிசு புடிப்பாங்கன்னுதான் வாயைத் திறக்கல."

"சரி சார்."

"தினம் ரயில்ல அல்லாடுற உங்க ஊர்க்காரங்க வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும்னுதான் இவ்வளவு சண்டை போட்டேன். பார்த்தா உங்க ஊர் ஆளு ஒருத்தர்கூட அதுல இல்லையே, உங்க ரயில் அவ்வளவு கரெக்டான டைமுக்கா வருது?"