சண்டையில்லாச் சான்றிதழ்

"வலிக்குதாம்மா?"

பாதையோரம் மண்டியிட்டு, மனைவியின் குதிகாலைத் தன் மடியில் ஏந்தி, முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார் லிப்ட் மெக்கானிக். மலைச் சன்னதிக்கு நடந்து போகிற கூட்டம் நின்று பார்த்துவிட்டுப் போனது.

"பார்த்துக் கத்துக்கங்க. நீங்களும் இருக்கீங்களே!" என்று ஒருத்தி தன் புருஷனை முழங்கையால் இடித்தாள்.

மெக்கானிக்குக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் முள் குத்தாமல் மாலையா போடும்? நாக்கு நுனிவரை வந்துவிட்டதை அப்படியே விழுங்கினார்.

விழுங்கித்தான் ஆகவேண்டும். அந்த யாத்திரையில் ஜோடியாக நடப்பவர்களுக்கு ஒரு கூத்தான விதி உண்டு. ஜோடிக்கு ஒரு குறிப்பேடு. முப்பது நாள் நடை, வழியில் இருபத்தொன்பது சத்திரம், முடிவில் சன்னதி வாசல் அலுவலகம். ஒவ்வொன்றிலும் 'இன்று சண்டை இல்லை' என்று முத்திரை வாங்கவேண்டும். முப்பதும் சேர்ந்தால் சன்னதி வாசலில் சான்றிதழ். ஒரு நாள் குரல் உயர்ந்தாலும் குறிப்பேடு பறிமுதல்.

போன வருஷம் சான்றிதழ் வாங்கியது மூன்றே ஜோடி. அதில் ஒரு ஜோடி, ஆளுக்கொரு பாஷை பேசுகிறவர்கள்.

இவர்கள் கையில் இருபத்தொன்பது முத்திரை இருந்தது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் கடைசி முத்திரை. அது இல்லாமல் ஊர் திரும்பினால் தன் வாழ்க்கை அவ்வளவுதான் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். மனைவிக்கும் தெரியும்.

பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. "என்னங்க, இடது பக்கம் போவோம். குறுக்குவழி மாதிரி தெரியுது," என்றாள் மனைவி.

வலது பக்கம் 'சன்னதி' என்று ஆளுயரத்துக்கு அம்புக்குறி போட்டிருந்தது. மருந்துக்கடையில் நாள்பூரா டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கிறவளுக்கு அது மட்டும் கண்ணில் படவில்லை.

"உன் இஷ்டம்மா," என்றார் மெக்கானிக், பல்லைக் கடித்துக்கொண்டு.

குறுக்குவழி ஒன்றரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போய் ஒரு செங்கல் சூளையில் விட்டது. திரும்பி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. புதருக்குப் பின்னாலிருந்து, கையில் விசிலோடு, சண்டை இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். யாத்திரை அலுவலகம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஆள். அடுத்தவர் சண்டையை ஒட்டுக்கேட்பதையே உத்தியோகமாக வாங்கிவிட்ட புண்ணியவான்!

"அடடா, மூணு மணி நேரம் வீணாப்போச்சே! யார் சார் தப்பு?" என்று ஆசையாகக் கேட்டார்.

"என் தப்புதான் சார்," என்றார் மெக்கானிக்.

"ஐயோ, அவர் என்ன சார் பண்ணுவார்? நான்தான் இழுத்துட்டுப் போனேன்," என்றாள் மனைவி.

"அவ சொன்னா எனக்கு எங்க போச்சு புத்தி? என் தப்பு."

"இல்லைங்க, என் தப்பு."

"நான்தான் என் தப்புங்கறேன்ல!"

"எப்பவும் நீங்க சொல்றதுதான் சட்டமா? என் தப்பு!"

விசில் இன்ஸ்பெக்டரின் உதட்டுக்குப் போய்விட்டது.

"பாதையோட தப்பு சார்," என்றாள் மனைவி சட்டென்று.

"அதேதான் சார்! நானும் அதையேதான் நினைச்சேன்," என்றார் மெக்கானிக்.

இன்ஸ்பெக்டர் முகம் தொங்கிப்போய் விசிலைப் பையில் போட்டுக்கொண்டார். இவர்கள் கையைக் கோத்துக்கொண்டு எடுத்தார்கள் ஓட்டம். பதினோரு வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை.

ஐந்தடிக்க இரண்டு நிமிஷம். சன்னதி வாசல் அலுவலகத்தில் கிளார்க் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் பாய்ந்து தோளைக் கொடுத்துத் தாங்கினார். மனைவி அடியில் குனிந்து குறிப்பேட்டை உள்ளே நீட்டினாள்.

கிளார்க் இருபத்தொன்பது முத்திரையையும் விரல் வைத்து எண்ணிவிட்டு, முப்பதாவதை ஓங்கிக் குத்தினார்.

"சான்றிதழ் ரெண்டு காப்பி வேணும் சார்," என்றார் மெக்கானிக், மூச்சு வாங்க.

"ஒரே குடும்பம்தானே, எதுக்கு ரெண்டு?"

"ஆளுக்கு ஒண்ணு இருக்கட்டும் சார்," என்றாள் மனைவி.

காகிதம் கைக்கு வந்ததும் மெக்கானிக்கின் கண்ணிலிருந்து மளமளவென்று தண்ணீர் கொட்டியது. மனைவி தன் கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் புருஷன் பத்தடி தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"அக்கா, எங்க புத்தகத்தை ரெண்டாம் நாளே பிடுங்கிட்டாங்க. உங்களால மட்டும் எப்படிக்கா முடிஞ்சுது?"

மனைவி சான்றிதழைச் சுருட்டிப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். அந்தப் பெண்ணின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள்.

"இதைக் கொண்டுவந்தாத்தான் விவாகரத்துன்னு ஜட்ஜ் கறாரா சொல்லிட்டாரும்மா!"