ஆறு பெட்டிக்கு அச்சு

சும்மா கொடுக்கிறவன் குப்பையைத்தான் கொடுப்பான். ராசிபுரத்துத் தகரக்காரர் சென்றாயன் நாற்பது வருஷம் அடிபட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது. அதனால்தான் காளியண்ணன் காசு வேண்டாம் என்றதும் அவருக்குச் சுருக்கென்றது.

விஷயம் இதுதான். சேலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பொருட்காட்சி. தள்ளினால் ஓடுகிற மாதிரி ஒரு சின்ன ரயில் வேண்டுமாம். ஜெர்மன்காரன் சண்டை மூட்டியதிலிருந்து சீமைப் பொம்மை ரயில் வருவது நின்றுபோயிருந்தது. தகரத் தட்டுப்பாட்டில் சென்றாயனின் விளக்கு வேலையும் படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன் என்று அடித்துப் பேசி வாங்கிவந்த வேலை இது. தப்பினால் அடுப்பில் உலை ஏறாது.

பழைய பிஸ்கட் டின்களை வெட்டி ஆறு பெட்டி செய்தார். நூல்கட்டையை வில்லை வில்லையாக அறுத்துச் சக்கரம் ஆக்கினார். இரண்டு சக்கரத்தைக் கோக்கிற அச்சுக்குத்தான் வழியில்லை. குடைக்கம்பிக்காரன் சொன்ன விலையைக் கேட்டு அவனோடு சண்டை போட்டதுதான் மிச்சம்.

அந்தக் கோபம் ஆறாமலே பக்கத்து வீட்டுத் தறிக்காரன் காளியண்ணனிடம் போய் நின்றார்.

"அச்சு இல்லாம பொழப்பே நிக்குதப்பா. பழசு கிழசு ஏதாச்சும் கெடக்குதா?"

எதற்கு என்று அவர் சொல்லவும் இல்லை, இவன் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு உள்ளே போய், துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். சென்றாயன் பழக்கதோஷத்தில் விலையைக் குறைக்க வாயெடுத்தார். விலையே இல்லை என்றுவிட்டான்.

வீட்டுக்கு வந்து பிரித்தார். தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற, சீப்பு மாதிரிக் கம்பிப் பல் வைத்த சட்டம். நெசவுக்காரர்களுக்கு அதுதான் அச்சு. வண்டி அச்சு கேட்டால் தறி அச்சைக் கொடுத்திருக்கிறான்.

"நான் சொன்னேனா இல்லையா?" என்று மனைவி குஞ்சம்மாளிடம் பொருமினார். "பரண்ல கெடந்த குப்பையை என் தலையில கட்டிட்டான்."

ஆனாலும் எறிய மனம் வரவில்லை. சட்டத்தை உடைத்தார். பற்களை உருவி, இரண்டிரண்டாகச் சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்தார். சக்கரம் கச்சிதமாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்த சேலம் பஸ்ஸில் ரயிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காளியண்ணன் ஏறி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மூணு நாளாத் தறிச் சத்தமே காணோம். ஊர் சுத்தக் கெளம்பியாச்சாக்கும்," என்றார் சென்றாயன். "இதா பாரு, உன் குப்பைதான் ஓடுது."

காளியண்ணன் ஒரு சக்கரத்தை விரலால் சுண்டினான். அது நிற்காமல் சுற்றியது.

"நல்லாத்தான் ஓடுதுங்க."

"சேலத்துல உனக்கென்ன சோலி?"

"தறிக்கு அச்சு வாங்கணுமுங்க."

"உங்கிட்ட இல்லாத அச்சா?"

"இருந்தது ஒண்ணுதானுங்க." சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்திலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. "அச்சு இல்லாம பொழப்பு நிக்குதுன்னு சொன்னீங்க. அந்தக் கஷ்டம் தறிக்காரனுக்குத் தெரியாதுங்களா?"