கவா குடித்த பிறகு

பசிபிக் கடலில், தன்னா தீவின் ஆலமரத்தடியில் அந்தி வெளிச்சம் வடிகிறது. விடுதலைக் கட்சித் தலைவர் நௌகா, பக்கத்துத் தீவுகளை எல்லாம் தூங்கவைத்த உரையோடு வந்து நிற்கிறார். இந்த ஊர் ஓட்டுப் போட்டால்தான் வெள்ளைக்காரன் கொடி இறங்கும். "மொதல்ல குடி மாப்ளே," என்று ஊர்ப் பெரியவர் யௌலு, சிரட்டையில் கவா வேர்ச்சாற்றை நீட்டுகிறார். அதைக் குடித்தபின் யாரும் உரக்கப் பேசக் கூடாதென்பது தலைநகரிலேயே பல வருஷம் இருந்ததில் நௌகாவுக்கு மறந்துபோயிருக்கிறது. மடமடவென்று குடிக்கிறார். உதடும் நாக்கும் மரத்துப்போகின்றன. "மகா ஜனங்களே..."

"உஷ்! நாய்கூட வாய மூடிக்கிட்டு இருக்கு," என்கிறது ஒரு குரல். தலைக்கு மேலே வௌவால்கள் கடலை நோக்கிப் போகின்றன. கடைசி மடக்கைத் துப்பி, முன்னோரிடம் ஒரு வேண்டுதலை முணுமுணுக்கலாம்; வழக்கம் அனுமதிக்கும் பேச்சு அவ்வளவுதான். யௌலு துப்புகிறார். "எங்க மண்ணு எங்க கைக்கு வரட்டும்." அடுத்தவரும் துப்பி அதையே சொல்கிறார். அவருக்கு அடுத்தவரும். நௌகாவும் துப்புகிறார். அது பளபளக்கும் அவர் பூட்ஸின் மேலேயே விழுகிறது. துடைக்காமல், குழறும் நாக்கால், அவரும் அதையே சொல்கிறார்.